ஸ்லோ குக்கரில் நம் ஊர்க் குழம்பு: வறுப்பும் தாளிப்பும் வெளியே, வேக்காடு உள்ளே

கேள்வி கேட்டவர் தக்கலைப் பக்கம் இருப்பவர். காலை 8 மணிக்கு வேலைக்குக் கிளம்பி மாலை 5 மணிக்கு வீடு திரும்புகிறார். துபாயிலிருந்து வந்த அண்ணன், மின்சாரத்தில் மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கர் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதில் வைத்த கோழிக்குழம்பு தண்ணீராக இருந்தது, மணமும் வரவில்லை, புளிக்குழம்பில் போட்ட பயறு கடைசி வரை வேகவில்லை. "இது நம்ம ஊர் சாப்பாட்டுக்கு ஆகாத பாத்திரமா? போட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறார். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அடுப்பில் பழகிய கைக்கு இந்தப் பாத்திரம் ஏன் பிடிபடவில்லை என்பது ஒன்று. ஆளில்லாத வீட்டில் இறைச்சியை எட்டு மணி நேரம் விட்டுப்போவது உடம்புக்குக் கேடா என்பது இன்னொன்று. நாகர்கோவிலில் பல வருடம் உணவறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். என் வீட்டு அடுக்களையிலும் ஸ்லோ குக்கர் நெடுநாளாக இருக்கிறது. அதனால் இரண்டுக்கும் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இந்தப் பாத்திரம் எதற்காகப் பிறந்தது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் யூதர்கள் வெள்ளிக்கிழமை மாலை பீன்ஸ், இறைச்சி, கிழங்கு போட்ட பானையை ரொட்டிக்கடைக்காரரின் ஆறிவரும் அடுப்பில் வைத்து, மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்கள். தாயார் சொன்ன அந்தக் கதைதான் அவருக்குத் தூண்டுதல். பிறகு வேறொரு நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, 1971இல் 'கிராக் பாட்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆக, எலும்போடு கூடிய இறைச்சி, பயறு, கிழங்கு என்று பொறுமையாக வேகவேண்டியவற்றுக்குத்தான் இது உருவானது. எல்லாச் சமையலையும் இதன் தலையில் கட்டினால் ஏமாற்றம்தான் வரும்.

இதன் வேலை முறை எளிது. வெளிக்கூட்டின் சுவரில் சுற்றியிருக்கும் கம்பி, உள்ளே இருக்கும் கனமான பீங்கான் பானையைப் பக்கவாட்டிலிருந்து சூடாக்குகிறது. வீட்டு உபயோகத்துக்கான பெரும்பாலானவை 150 முதல் 300 வாட் வரைதான் இழுக்கும். பிரஷர் குக்கருக்குள் அழுத்தத்தால் சூடு சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. அதனால்தான் சில விசிலில் இறைச்சி வெந்துவிடுகிறது. ஸ்லோ குக்கரில் அழுத்தம் கிடையாது, சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அந்த நிலைக்கு வரவே சில மணி நேரம் எடுக்கும். லோ, ஹை என்ற இரண்டு குறிகளும் சின்னத் தீ, பெரிய தீ மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். பல மாடல்களில் இரண்டும் கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் போய் நிற்கின்றன. ஹையில் சீக்கிரம் போகும், லோவில் மெதுவாகப் போகும், அவ்வளவே வேறுபாடு. எல்லா மாடலும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உங்களுடையதை நீங்களே சோதித்துவிடலாம். பானையில் பாதிக்கு மேல் பச்சைத்தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் எட்டு மணி நேரம் விடுங்கள். பிறகு மூடியைத் திறந்த உடனே சமையல் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். 85 முதல் 93 டிகிரி வரை காட்டினால் பாத்திரம் சரி. அதற்கும் கூடுதலாகக் காட்டினால், எட்டு மணி நேரத்தில் பண்டம் குழைந்துபோகும் என்று கணக்குப் போட்டு நேரத்தைக் குறையுங்கள். 85க்குக் கீழே நின்றால் அதில் இறைச்சி சமைக்கவேண்டாம்.

குழம்பு தண்ணீராவதற்குக் காரணம் மூடிதான். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது நீர் ஆவியாகிப் போய், குழம்பு வற்றிக் கெட்டியாகிறது. இதில் மூடியில் படியும் ஆவி நீராகித் திரும்ப உள்ளேயே விழுகிறது. போதாததற்கு இறைச்சியும் உள்ளியும் (சின்ன வெங்காயம்) காய்கறியும் தங்கள் நீரையும் விடுகின்றன. பிராய்லர் கோழி நிறையவே விடும். ஆகவே வழக்கமாக ஊற்றும் தண்ணீரில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். கோழிக்கு மூன்றில் ஒரு பங்கே தாராளம். ஆரம்பத்தில் பார்க்க வறண்டு தெரியும், பயந்து ஊற்றவேண்டாம். இதற்குப் பிறகும் தண்ணீராகத் தெரிந்தால், கடைசி அரைமணி நேரம் ஹையில் போட்டு மூடியைச் சற்று விலக்கி வையுங்கள். அல்லது குழம்பை மட்டும் உருளியில் ஊற்றி அடுப்பில் வற்றவிடுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி, பத்தே நிமிட வேலை. வேகும் நேரத்தில் மட்டும் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் தேங்கிய சூடு போய்விடும், அதை ஈடுகட்ட இருபது நிமிடமாவது கூடுதலாக வேண்டும்.

மணம்தான் பெரிய விஷயம். வறுத்த தேங்காயின் மணமும், பொன்னிறமாக வதங்கிய உள்ளியின் இனிப்பும், எண்ணெயில் பிரட்டிய இறைச்சியின் ருசியும் பண்டத்தின் மேற்பரப்பு காய்ந்து, சூடு சுமார் 140 டிகிரியைத் தாண்டும்போது பிறப்பவை. நீர் இருக்கும் இடத்தில் சூடு 100ஐத் தாண்டாது என்பதால், ஸ்லோ குக்கரில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் அந்த மணம் பிறக்காது. பச்சையாக எல்லாவற்றையும் உள்ளே கொட்டி மூடும் முறை அதனால்தான் நம் நாக்குக்கு ஒட்டவில்லை. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நம் சமையலின் பாதியே வறுத்து அரைப்பதுதான். தீயலுக்குத் தேங்காயைத் தேங்காயெண்ணெயில் காப்பிப்பொடி நிறம் வரும் வரை வறுக்கிறோம். அதோடு மல்லி, வத்தல் மிளகாய், நல்லமிளகு சேர்த்து மை போல அரைக்கிறோம். வறுத்தரைத்த கோழிக்கறிக்கும் அதே கதைதான். மணம் உண்டாகும் வேலை முழுவதும் குழம்பு கூட்டுவதற்கு முன்பே, வறசட்டியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப்பின் அரப்பு, அதாவது அரைத்த மசாலா, இறைச்சிக்குள் இறங்க நேரம் மட்டும்தான் வேண்டும். அந்த நேரத்தைத்தான் இந்தப் பாத்திரம் கொடுக்கிறது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: இது நம் சமையலுக்கு ஆகாத பாத்திரம் இல்லை. வறுப்பதையும் வதக்குவதையும் முன்னால் அடுப்பில் முடித்துவிடுங்கள். தாளிப்பதைக் கடைசியில் அடுப்பில் செய்யுங்கள். நடுவில் இருக்கும் வேக்காட்டை மட்டும் இதனிடம் ஒப்படையுங்கள்.

தாளிப்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். முதலிலேயே கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி எட்டு மணி நேரம் வேகவிட்டால் கறிவேப்பிலையின் மணம் முழுக்கப் போய்விடும். பொடித்த நல்லமிளகும் அப்படித்தான். பட்டை, கிராம்பு போன்ற முழு மசாலா மட்டும் நேர்மாறு. நீண்ட வேக்காட்டில் அவற்றின் சாரம் முழுவதும் இறங்கிக் காரமும் கசப்பும் தூக்கும். வழக்கத்தில் பாதி போட்டால் போதும். பரிமாறும் முன் தேங்காயெண்ணெயில் கடுகும், வட்டமாக நறுக்கிய உள்ளியும், கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, நல்லமிளகுத் தூளையும் அப்போதே தூவுங்கள்.

எந்த இறைச்சி நன்றாக வரும் என்று கேட்டால், கடைக்காரர் "இது வேக நேரம் எடுக்கும்" என்று சொல்லும் இறைச்சிதான். ஆட்டின் முன்கால், கழுத்து, நெஞ்செலும்பு, மாட்டிறைச்சியில் தசைநார் ஓடும் பகுதி, ஆட்டுக்கால், முற்றின நாட்டுக்கோழி எல்லாம் இதற்கென்றே இருப்பவை. இவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற இணைப்புப் புரதம், ஈரமான சூட்டில் மணிக்கணக்கில் இருந்தால் ஜெலட்டினாகக் கரையும். இறைச்சி நாரோடு பிரியும், குழம்பு உதட்டில் ஒட்டும் பதத்துக்கு வரும். பிராய்லர் கோழியில் கரைவதற்கு அவ்வளவு கொலாஜன் கிடையாது. லோவில் நாலு மணி நேரத்தைத் தாண்டினால் நெஞ்சுக்கறி சக்கையாகிவிடும். நீங்கள் ஒன்பது மணி நேரம் வெளியே இருப்பவர், எனவே வேலை நாளில் பிராய்லரை இதில் வைக்கவே வேண்டாம். மீன் அறவே வேண்டாம். மீனின் கொலாஜன் மிகக் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். சாளையும் அயிலையும் அடுப்பில் பத்து நிமிடக் கொதியில் முடியும் பண்டங்கள். புளிமுளம், மீன் அவியல் இரண்டுக்கும் மண்சட்டிதான் சரி, அதை மாற்ற ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பயறு வேகாததற்குப் புளிதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். பயற்றின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் இளகாது. உப்புத்தண்ணீர்க் கிணறு, போர் தண்ணீர் இவற்றில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் அதையே செய்யும். பிரஷர் குக்கரின் கூடுதல் சூடு இந்தக் குறையை மறைத்துவிடும், ஸ்லோ குக்கர் மறைக்காது. பயறை இரவே ஊறவைத்து, நல்ல தண்ணீரில் தனியாக வேகவிட்டு, மெத்தென்று ஆனபிறகே புளியையும் தக்காளியையும் சேருங்கள். உப்பு போட்டால் பயறு வேகாது என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. உப்பைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை, ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் இன்னும் மெத்தென்றுதான் ஆகும். பெரும்பயறு, சிறுபயறு, காணம் (கொள்ளு), கொண்டைக்கடலை எல்லாம் இந்த முறையில் நன்றாக வரும். சம்பா அரிசிக் கஞ்சிக்கும் நான் இதைத்தான் வைப்பேன், அடியும் பிடிக்காது, பொங்கியும் வழியாது.

இரண்டு பண்டங்களில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒன்று ராஜ்மா. அதில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அது அழியும். 80 டிகிரிக்குக் கீழே மெல்ல வேகும்போது அழியாது, பச்சையாக இருந்ததைவிட நச்சு கூடிக்கூடப் போகலாம். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே ஸ்லோ குக்கருக்குப் போகவேண்டும். இன்னொன்று நம் மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய காலத்திலிருந்து நம் வீடுகளில் வேகும் கிழங்கு அது. அதில் சயனைடை வெளியிடும் லினமரின் என்ற பொருள் உண்டு, கசப்பு ரகத்தில் அதிகம். தோல் உரித்து, சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டும் நம் வீட்டு வழக்கம் சும்மா வந்ததல்ல. நச்சு அந்தத் தண்ணீரோடும் ஆவியோடும் போகிறது. மூடிய பானையில், குறைந்த நீரில், வடிக்காமல் வேகவைப்பது அந்தக் காப்பையே எடுத்துவிடுகிறது. மரச்சீனியை அடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய்ப்பால் நெடுநேரச் சூட்டில் திரிந்து எண்ணெய் பிரியும். பச்சைத்தேங்காய் அரைத்து ஊற்றும் குழம்பும் அப்படித்தான். இவை கடைசி இருபது நிமிடத்தில் சேரவேண்டியவை. சிறுபயறு பாயசத்துக்கு மூன்றாம்பாலில் பயறை வேகவிட்டு, நன்றாக வெந்ததும் கருப்பட்டிப் பாகை வடிகட்டி ஊற்றி, இரண்டாம்பால் சேர்த்து, அணைத்தபிறகு ஒன்றாம்பால் விடுங்கள். மூன்றாம்பால் தண்ணீர் போலத்தான் இருக்கும், அதனால் திரிந்தாலும் தெரியாது. பலாப்பழப் பாயசமான சக்கப்பிரதமனுக்கு மட்டும் இது வேண்டாம். சக்கை வரட்டுவதற்கு உருளியும் கிண்டும் கையும்தான் வேண்டும்.

இனி, போட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா என்ற கேள்வி. போகலாம், சில நிபந்தனைகளோடு. கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி வரையுள்ள சூட்டில். பண்டம் அந்த எல்லையைச் சீக்கிரம் கடந்தாகவேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இறைச்சியை லோவில் போட்டால் கடக்க வெகுநேரம் ஆகும், உறைந்த இறைச்சி என்றால் சொல்லவே வேண்டாம். இதற்குச் சுலபமான தீர்வு, காலையில் அடுப்பில் இறைச்சியை வதக்கி, அரப்பு சேர்த்து, ஐந்து பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, கொதியோடு பானையில் ஊற்றி மூடிவிடுவதுதான். நான் மேலே சொன்ன மணத்துக்கான வேலையும் இதிலேயே முடிந்துவிடுகிறது. தேங்காய் வறுத்து அரைப்பதை முந்தின இரவே முடித்துக் குளிர்பெட்டியில் வைத்தால், காலையில் இருபது நிமிடம் போதும். ஆனால் பீங்கான் பானையைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துச் சூடான குழம்பை ஊற்றாதீர்கள், கீறல் விடும். சூடான பானையில் பச்சைத்தண்ணீர் ஊற்றுவதும் அப்படியே. பானையைப் பாதிக்கும் குறையாமல், முக்காலுக்கும் மேற்படாமல் நிரப்புங்கள். கிழங்கும் கேரட்டும் இறைச்சியைவிட மெதுவாக வேகும் என்பதால் அவற்றை அடியிலும் சுவரோரமும் போடுங்கள்.

எட்டு மணி நேரம் முடிந்ததும் தானாக 'வார்ம்' நிலைக்கு மாறும் மாடல் என்றால் உங்களுக்குக் கச்சிதம். அது பண்டத்தை 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும். அந்த வசதி இல்லையென்றால் வெளியில் ஒரு டைமர் போட்டு நிறுத்தலாம், நின்ற இரண்டு மணி நேரத்துக்குள் நீங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பச்சை இறைச்சியை வைத்துவிட்டு மதியம் 12 மணிக்குத் தானாக ஆரம்பிக்கும்படி டைமர் வைப்பது மட்டும் கூடவே கூடாது. நம் ஊர் வெக்கையில் அந்த நாலு மணி நேரம் போதும், பண்டம் கெட்டுவிடும். பழைய குழம்பை இதில் சூடு பண்ணுவதும் தவறு. அடுப்பில் கொதிக்கவைத்துவிட்டு, சூடாக வைத்திருக்க வேண்டுமானால் இதில் ஊற்றலாம்.

மின்தடைதான் நம் பக்கத்துக் கவலை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. காற்றடித்தால் ரப்பர் மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போவது புதிதல்ல. வீட்டில் இருக்கும்போது போனால் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றி முடித்துவிடுங்கள். வெளியே இருக்கும்போது போனால்தான் சிக்கல். திருகும் குமிழ் வைத்த மாடல்கள் கரண்ட் திரும்பியதும் தானாகச் சூடாகத் தொடங்கும், எத்தனை நேரம் ஆறிக் கிடந்தது என்று தெரியாது. பொத்தான் வைத்த டிஜிட்டல் மாடல்கள் பெரும்பாலும் அணைந்தபடியே கிடக்கும். அக்கம்பக்கத்தில் விசாரித்து, தடை இரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தாலோ நேரமே தெரியாவிட்டாலோ, மனம் வருந்தினாலும் கொட்டிவிடுங்கள். திரும்பக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கிருமி செத்துப்போகும், சில கிருமிகள் விட்டுப்போன நச்சு கொதியிலும் அழியாது. மழைக்காலத்தில் நான் ஆள் இருக்கும் நாளில் மட்டும்தான் இறைச்சி வைக்கிறேன்.

துபாயிலிருந்து வந்தது என்பதால் வோல்டேஜ் பிரச்சினை இருக்காது, அங்கும் நம்மைப்போல 220 முதல் 240 வோல்ட்தான். ஆனால் அங்குள்ள பிளக்கின் முள் செவ்வகமானது. ஆட்டமுள்ள அடாப்டரில் எட்டு மணி நேரம் ஓடவிட்டால் அது சூடேறும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நம் ஊர் மூன்றுமுள் பிளக்கையே மாட்டிவிடுங்கள். 200 வாட்டுக்கு ஒரு ஆம்பியர் கூட ஆகாது, சாதாரண ஆறு ஆம்பியர் சாக்கெட் போதும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அமெரிக்காவிலிருந்து வந்திருந்தால், அது 120 வோல்ட் பாத்திரம். நம் மின்சாரத்தில் நேரடியாகச் செருகினால் ஏறக்குறைய நாலு மடங்கு சக்தி பாய்ந்து எரிந்துவிடும்.

விளம்பரத்தில் சொல்லும் வேறு சில விஷயங்களில் எனக்கு அவ்வளவு உறுதி கிடையாது. "சத்து அப்படியே இருக்கும்" என்பது பாதிதான் உண்மை. தாதுச்சத்துகள் குழம்பிலேயே தங்கும், வைட்டமின் சி போன்றவை நீண்ட சூட்டில் குறையவே செய்யும். மின்செலவு குறைவு என்பதையும் அப்படியே எடுக்கவேண்டாம். 200 வாட் பாத்திரம் எட்டு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 1.6 யூனிட். கேஸ் மிச்சமாகும், கரண்ட் ஏறும், பணக்கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். உங்களுக்கு இதில் மிச்சமாவது மாலை 5 மணிக்கு மேல் அடுப்படியில் நிற்கும் நேரம்.

முதலில் ஒரு விடுமுறை நாளில், வீட்டில் இருந்துகொண்டே, எலும்போடு முக்கால் கிலோ ஆட்டிறைச்சியில் ஆரம்பியுங்கள். அரைமூடித் தேங்காய், மூன்று மேசைக்கரண்டி மல்லி, எட்டு வத்தல் மிளகாய், ஒரு தேக்கரண்டி நல்லமிளகு இவற்றைக் கருகாமல் வறுத்து, அரை டம்ளர் தண்ணீரில் அரைத்துக்கொள்ளுங்கள். கையளவு உள்ளி, இஞ்சி, வெள்ளைப்பூண்டை வதக்கி, இறைச்சியைப் போட்டு நிறம் மாறும் வரை பிரட்டி, அரப்பும் உப்பும் சேர்த்து ஒரு கொதி வந்ததும் பானைக்கு மாற்றுங்கள். மிக்சி கழுவிய தண்ணீர் அரை டம்ளருக்கு மேல் வேண்டாம். லோவில் ஏழு மணி நேரம் விட்டு, எலும்பிலிருந்து இறைச்சி கழன்று வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள், உங்கள் பாத்திரம் மெதுவானது என்று குறித்துவையுங்கள். ஆறு மணி நேரத்திலேயே வாசனையும் பதமும் வந்துவிட்டதாகத் தெரிந்தால் அது சூடான ரகம். வேலை நாளுக்கு உங்கள் பாத்திரத்தின் கணக்கு அதிலிருந்துதான் கிடைக்கும்.